வைக்கிங் கையில் பகடை

2015, 2016 ஆண்டுகளில் வைக்கிங்குகளை வைத்துப் பலகை ஆட்டங்கள் வரிசையாக வெளிவந்தன. ‘பிளட் ரேஜ்’, ‘ரெய்டர்ஸ் ஆஃப் தி நார்த் ஸீ’, ‘எ ஃபீஸ்ட் ஃபார் ஓடின்’ என்று பட்டியல் நீளும். அவற்றில் ஓலே ஸ்டைனஸ் வடிவமைத்த ‘சாம்பியன்ஸ் ஆஃப் மிட்கார்ட்’ என்ற ஆட்டத்தில் பகடைதான் வீரன். வெள்ளைப் பகடை வாள் வீரன், சிவப்பு ஈட்டி வீரன், கறுப்பு கோடரி வீரன். ஆடுகிறவர் ஒவ்வொருவரும் ஒரு தலைவர். ஊரில் ஆள் சேர்த்து, கப்பலேற்றி, பூதங்களோடு மோத விடுகிறார். உருட்டிய பகடையில் விழுகிற முகத்தைப் பொறுத்தே வெற்றி. எதிரி திருப்பி அடித்தால் அந்தப் பகடை கையை விட்டுப் போய்விடும். வீரன் செத்தான் என்று பொருள். வீழ்த்திய எதிரிகளின் சீட்டுகளை நிறவாரியாகச் சேர்த்துத் தொகுதி முழுமையானால் கூடுதல் புள்ளி. பகடை உருட்டுவது, தொகுதி சேர்ப்பது என்ற இரண்டையும் நம்பி நிற்கும் இத்தகைய ஆட்டங்களைப் பற்றி, வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர்கள் ஒரு குறை சொல்வதுண்டு. வைக்கிங்குகளின் சொந்த ஆட்டத்தில் பகடையே கிடையாது, அது முழுக்க முழுக்க மூளைக்கு வேலை தரும் ஆட்டம், பகடை என்பது இன்றைய கேளிக்கைக்காகப் போட்ட ஒட்டு என்பது அந்தக் குறை. அது தவறு என்று நினைக்கிறேன். கல்லறைகளில் கிடைத்த பொருள்களையும் அக்காலத்தை ஒட்டி எழுதப்பட்ட ஏடுகளையும் சேர்த்துப் பார்த்தால், அந்த மக்களின் வாழ்க்கையில் பகடைக்கு இருந்த இடம் இன்று நாம் தருவதைவிடப் பெரியது.

எதிர்த்தரப்பின் வாதத்தை முதலில் அதன் முழு வலுவோடு பார்க்க வேண்டும். வைக்கிங்குகளின் பேர்பெற்ற ஆட்டம் நெஃபடாஃபல். பலகையின் நடுவில் அரசன். அவனைச் சுற்றி அவனுடைய காவலர்கள். நாலா பக்கமும் அவர்களைப்போல் இரண்டு மடங்கு எதிரிகள். அரசன் தப்பி வெளியேறினால் ஒரு பக்கத்துக்கு வெற்றி, அவனைச் சுற்றி வளைத்தால் மறுபக்கத்துக்கு வெற்றி. இரு தரப்பும் சமமில்லாத இந்தப் போரை ஆடத் திட்டமும் பொறுமையும் வேண்டும். இதன் விதிகளை ஓரளவு முழுமையாக எழுதி வைத்தவர் தாவரங்களுக்குப் பெயர் சூட்டிய அதே கார்ல் லின்னேயஸ். 1732-இல் ஸ்வீடனின் வடகோடியில் சாமி மக்களிடையே பயணம் செய்தபோது, அவர்கள் ஆடிய தாப்லுத் என்ற ஆட்டத்தைத் தம் நாட்குறிப்பில் வரைந்து விளக்கினார். 9க்கு 9 கட்டம், அரசனும் எட்டு ஸ்வீடியர்களும் ஒருபக்கம், பதினாறு மஸ்கோவியர் மறுபக்கம். பகடை பற்றி அதில் பேச்சே இல்லை. அதற்கு முன்பே, 1587-இல் வேல்ஸ் நாட்டு ராபர்ட் ஆப் இஃபான் இதன் உறவுக்கார ஆட்டம் ஒன்றை 11க்கு 11 கட்டத்தில் வரைந்திருக்கிறார். பலகைகளும் கிடைத்திருக்கின்றன. அயர்லாந்தின் பாலிண்டெரியில் 1932-இல் கிடைத்த பத்தாம் நூற்றாண்டு மரப்பலகையில் 7க்கு 7 துளைகள்; காய்களின் முளைகளைச் செருகி ஆடலாம், கப்பல் ஆடினாலும் காய் நகராது. நார்வேயில் 1880-இல் தோண்டிய கோக்ஸ்டாட் கப்பல் கல்லறையிலும் இருபுறமும் ஆடக்கூடிய பலகையின் துண்டுகள் இருந்தன. ஆர்க்னி தீவுகளின் பிரபு ரக்ன்வால்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டில் தமக்குத் தெரிந்த ஒன்பது கலைகளைப் பாட்டில் அடுக்கியபோது பலகை ஆட்டத்தைத்தான் முதலில் வைத்தார். ஓடம் வலிப்பதும் பனிச்சறுக்கும் யாழும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. இத்தனையும் இருக்கும்போது பகடைக்கு எங்கே இடம் என்று கேட்பது நியாயமாகத்தான் தோன்றும்.

ஆனால் கல்லறைகளின் கணக்கு வேறு. ஸ்வீடனின் பியோர்கோ தீவில் இருந்த பிர்கா நகரத்தில் 1878-இல் யால்மர் ஸ்டோல்ப்பே தோண்டிய 581ஆம் எண் கல்லறை உலகப் புகழ் பெற்றது. வாள், கோடரி, ஈட்டி, அம்புகள், கேடயங்கள், இரண்டு குதிரைகள் என்று ஒரு படைத்தலைவருக்கு வேண்டிய எல்லாம் அதில் இருந்தன. அங்கே கிடந்த எலும்புகள் ஒரு பெண்ணுடையவை என்று 2017-இல் மரபணு ஆய்வு சொன்ன பிறகு அதைப் பற்றி நடந்த சண்டை இன்னும் ஓயவில்லை. அந்தச் சண்டையில் பலர் கவனிக்காமல் விட்டது, இறந்தவரின் மடியில் வைக்கப்பட்டிருந்த ஆட்டக்காய்களையும் அவற்றோடு இருந்த மான்கொம்புப் பகடைகளையும். எஸ்டோனியாவின் சாரெமா தீவில், சால்மே என்ற ஊரில் 2008-இலும் 2010-இலும் வெளிப்பட்ட இரண்டு கப்பல் கல்லறைகள் இன்னும் பழையவை, 750-ஐ ஒட்டியவை. ஒன்றில் 7 பேர், மற்றொன்றில் 34 பேர். பெரும்பாலும் நடு ஸ்வீடனிலிருந்து வந்தவர்கள், அவர்களில் நால்வர் உடன்பிறந்த சகோதரர்கள். எங்கோ நடந்த சண்டையில் வெட்டுப்பட்டுச் செத்தவர்களைத் தோழர்கள் அவசர அவசரமாகக் கப்பலிலேயே அடுக்கிப் புதைத்திருக்கிறார்கள். அந்த அவசரத்திலும் நூற்றுக்கணக்கான எலும்புக் காய்களை அள்ளி உடல்களின் மேலும் இடையிலும் போட்டிருக்கிறார்கள். பகடைகளும் அங்கே இருந்தன. ஒருவர் வாய்க்குள் அரசன் காயை வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பகடைகளைக் கையில் எடுத்துப் பார்த்தால் இன்றைய லுடோ பகடைபோல் இருக்காது. அக்காலத்து வடபகுதிப் பகடைகளில் பெரும்பாலானவை நீண்டவை. நம் வீட்டுத் தாயக்கட்டையைப்போல் நான்கு நீள்முகங்களில் உருளும், இரு முனைகளிலும் நிற்பது அபூர்வம். எலும்பிலோ கொம்பிலோ வால்ரஸ் தந்தத்திலோ அறுத்து, புள்ளிக்கு நடுவே ஒரு குழி, அதைச் சுற்றி ஒரு வட்டம் என்று சிறு கருவியால் செதுக்கியிருப்பார்கள். கை வேலை என்பதால் முகங்கள் சரிசமமாக இருப்பதில்லை. ஒரு முகம் சற்றே அகலம், இன்னொன்று குறுகல். கணிதப்படி எல்லா முகத்துக்கும் சம வாய்ப்பு வேண்டும் என்ற எண்ணமே அதைச் செய்தவர் மனதில் இருந்ததாகத் தெரியவில்லை. இதைச் செய்தவரின் கவனக்குறைவு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஒரே கைவினைஞர் வர்க்கம் அதே எலும்பில் நூலிழை பிசகாத சீப்புப் பற்களை அறுத்திருக்கிறது. வேண்டுமென்றால் சமமான பகடையும் செய்திருக்க முடியும். அவர்களுக்கு அது முக்கியமாகப் படவில்லை; ஏன் படவில்லை என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

இங்கே முதல் ஆட்சேபம் எழும். காய்கள் நூற்றுக்கணக்கில், பகடைகள் விரல்விட்டு எண்ணும் அளவில். அப்படியானால் பகடை அபூர்வம்தானே? எண்ணிக்கையை இப்படி ஒப்பிடுவதே சரியில்லை. ஓர் ஆட்டத்துக்குக் காய் இருபது முப்பது வேண்டும், பகடை இரண்டோ மூன்றோ போதும். எத்தனை கல்லறைகளில் காயோடு பகடையும் இருந்தது என்று பார்த்தால் வேறுபாடு வெகுவாகக் குறையும். ஆனாலும் காய் மட்டும் இருந்த கல்லறைகளே அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை. பகடை எல்லா ஆட்டத்துக்கும் வேண்டியதில்லை என்பதை மட்டுமே அது காட்டுகிறது. பகடையும் காயும் ஒரே பையில், ஒரே மடியில் கிடந்தன என்பதே என் வாதத்துக்குப் போதும். இரண்டையும் இரண்டு வேறு உலகங்களாக, ஒன்றை உயர்ந்தோர் ஆட்டமாகவும் மற்றொன்றைச் சூதாகவும் அவர்கள் பிரித்து வைத்திருந்தால், ஒரு தலைவரின் மடியில் இரண்டும் சேர்ந்திருக்காது.

நெஃபடாஃபலிலேயே பகடை இருந்திருக்கலாம் என்பதற்கும் ஒரு தடயம் உண்டு. ஹெர்வர் சாகா என்ற பழைய ஐஸ்லாந்துக் கதையில், மாறுவேடத்தில் வந்த ஓடின் என்ற தெய்வம் அரசன் ஹெய்ட்ரெக்கிடம் விடுகதைகள் போடுகிறது. அவற்றில் ஒன்று, மனிதரின் செல்வத்தை அழிக்கும் ஒரு விலங்கைப் பற்றியது. அதைச் சுற்றிலும் இரும்பு, அதற்குக் கொம்புகள் எட்டு, தலை கிடையாது. விடை, நெஃபடாஃபலில் உள்ள ஒரு பொருள். எட்டு கொம்பு என்றால் கனசதுரத்தின் எட்டு மூலைகள், செல்வத்தை அழிப்பது சூது, ஆகவே பகடைதான் என்று பலர் சொல்கிறார்கள். இரும்பு சுற்றியது என்ற குறிப்பு பகடைக்குப் பொருந்தவில்லை, இரும்பாணி அடித்த அரசன் காய்க்கே பொருந்தும் என்று மறுப்பவர்களும் உண்டு. பிர்கா கல்லறையில் அப்படி இரும்பாணி உள்ள காய் இருக்கவே செய்கிறது. இந்த விடுகதையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். லின்னேயஸ் பார்த்தது 1732-இல், வைக்கிங் காலம் முடிந்து ஏழு நூற்றாண்டு கழித்து, வேறொரு மக்களிடையே என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். அங்கே பகடை இல்லை என்பதால் 900-இலும் இல்லை என்று முடிவு கட்டுவது, விடுகதையை நம்புவதைவிடப் பெரிய தாவல். ஒரே பெயரில் ஊருக்கு ஊர், தலைமுறைக்குத் தலைமுறை விதி மாறும் ஆட்டங்கள் எந்த நாட்டிலும் உண்டு.

என் வாதத்தின் உயிர் இந்த விதி விவகாரத்தில் இல்லை. வைக்கிங் காலத்தவர் அதிர்ஷ்டம் என்பதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதில்தான் இருக்கிறது. நமக்குப் பகடை என்றால் குருட்டு வாய்ப்பு. யார் உருட்டினாலும் ஆறு விழ ஆறில் ஒரு பங்கு. அவர்களுக்கு அதிர்ஷ்டம் ஒரு ஆளுக்குச் சொந்தமான பொருள், உடல் வலுவைப்போல், குடும்பச் சொத்தைப்போல். சிலரிடம் நிறைய இருக்கும், சிலரிடம் இருக்காது, தலைவன் தன்னிடம் உள்ளதைத் தன் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தனுப்பவும் முடியும். கடலில் தவித்தவர்களை மீட்டு வந்த லெய்ஃப் எரிக்ஸனுக்கு அதிர்ஷ்டசாலி என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது. கிரெட்டிர் என்ற மாவீரனின் கதையில் நேர் எதிர் நிலை. அவனிடம் மலையைப் புரட்டும் வலு இருக்கிறது, அதிர்ஷ்டம் மட்டும் இல்லை, அதனாலேயே நல்லது செய்யப் போய்க் குற்றவாளியாகி நாடெல்லாம் துரத்தப்படுகிறான். திறமையும் அதிர்ஷ்டமும் வேறு வேறு என்று அவனுடைய தாய்மாமனே அவனை எச்சரிக்கிறார். இரண்டும் வேறு என்று அவர்களே சொன்னார்களே, அப்படியானால் திறமை ஆட்டமும் அதிர்ஷ்ட ஆட்டமும் வேறுதானே என்று கேட்கலாம். வேறுதான். ஆனால் இரண்டுமே ஒரு மனிதனிடம் இருக்கிறதா இல்லையா என்று சோதிக்க வேண்டிய குணங்கள். காய் நகர்த்தினால் ஒன்று தெரியும், பகடை உருட்டினால் மற்றொன்று தெரியும். தலைவனாக வேண்டியவனுக்கு இரண்டும் வேண்டும்.

இதற்கு மிகப் பழைய சான்று ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அதுவும் அவர்களை விரும்பாத ஒரு பாதிரியாரின் கையால் எழுதப்பட்டது. பிர்காவுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுசென்ற அன்ஸ்கார் 865-இல் இறந்தார். அவருடைய வாழ்க்கையை அவருக்குப் பின் வந்த ரிம்பர்ட் சில ஆண்டுகளுக்குள் எழுதினார். அதில் அனுண்டு என்ற அரசனின் கதை வருகிறது. நாட்டை விட்டு விரட்டப்பட்ட அவன், டேனியர்களைக் கூட்டிக்கொண்டு முப்பதுக்கும் மேற்பட்ட கப்பல்களோடு பிர்காவைத் தாக்க வருகிறான். நகரத்தார் நூறு பவுண்டு வெள்ளி கொடுத்துத் தப்பப் பார்க்கிறார்கள். அவன் வாங்கிக்கொள்கிறான். டேனியர்களுக்குத் திருப்தியில்லை; அங்கே ஒவ்வொரு வணிகனிடமும் இதைவிட அதிகம் இருக்கும், ஊரைக் கொளுத்திக் கொள்ளையடிப்போம் என்கிறார்கள். அனுண்டு அவர்களைத் தடுக்க வாதம் செய்யவில்லை; சீட்டுப் போட்டுத் தெய்வங்களைக் கேட்போம் என்கிறான். அப்படிக் குறி பார்ப்பது அவர்கள் வழக்கம் என்பதால் அவர்களாலும் மறுக்க முடியவில்லை. இந்த ஊரைத் தொட்டால் நன்மை இல்லை என்று குறி விழுகிறது. அப்படியானால் வெறுங்கையோடு திரும்பாமல் எங்கே போவது என்று மறுபடி கேட்கிறார்கள். தொலைவில் உள்ள ஸ்லாவியர் ஊர் ஒன்று விழுகிறது. படை அங்கே போய்க் கொள்ளையடித்துத் திரும்புகிறது. கொள்ளைப் பயணத்தின் இலக்கையே கையால் போட்ட குறி தீர்மானிக்கிறது. இன்றைய மேசை ஆட்டத்தில் பகடையைக் கையில் எடுத்து எந்தக் கரைக்குப் போகலாம் என்று யோசிக்கும் ஆட்டக்காரரும் அதையேதான் செய்கிறார்.

ரிம்பர்ட் தன் கடவுளின் கருணையை நிறுவவே இதை எழுதினார், ஆகவே நம்பக்கூடாது என்று சொல்லலாம். அவருடைய நோக்கம் அதுதான். அதனாலேயே இந்தக் கதையை நான் அதிகம் நம்புகிறேன். பிர்கா காப்பாற்றப்பட்டதைத் தன் கடவுளின் செயல் என்று காட்ட விரும்பிய ஒருவருக்கு, அந்தக் காரியத்தைப் பேய்வழிபாட்டுக் குறி ஒன்று செய்து முடித்தது தர்மசங்கடம். அது நடக்காமல் இருந்தால் அவர் கற்பனை செய்திருக்க மாட்டார். சீட்டும் பகடையும் ஒன்றல்ல என்ற மறுப்புக்கும் இடமுண்டு. கருவி வேறுதான், ஆனால் கையை விட்டு ஒரு பொருளை எறிந்து, அது விழும் விதத்தைத் தீர்ப்பாக ஏற்றுக்கொள்வது என்ற செயலில் இரண்டும் ஒன்று. இந்த உறவு இன்னும் பழையது. 98-ஐ ஒட்டி ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் ஜெர்மானியர்களைப் பற்றி எழுதும்போது, அவர்கள் குடிக்காத நேரத்தில், முக்கியமான வேலைபோல் பகடை ஆடுவதாகவும், எல்லாம் போன பிறகு தங்கள் விடுதலையையே பணயம் வைத்துத் தோற்றால் முறைப்படி அடிமையாகப் போவதாகவும் சொல்கிறார். அவர் வைக்கிங்குகளுக்கு ஏழு நூற்றாண்டு முந்தியவர், ரோமானியர்களுக்குப் பாடம் சொல்ல வந்தவர். அவரை நான் பெரிதாக ஏற்றிப் பேசவில்லை. பகடையின் சொல்லை மீறக்கூடாது என்ற உணர்வு வடபகுதியில் வெகு காலமாக இருந்தது என்பதற்கு மட்டும் அவர் உதவுகிறார்.

பகடையைத் தீர்ப்பாக ஏற்ற காட்சிகளிலேயே மிகத் துலக்கமானது நார்வே அரசன் ஓலாவ் ஹரால்ட்ஸனுடையது. சுமார் 1020-இல் அவனும் ஸ்வீடன் அரசன் ஓலாவும் எல்லையோரம் கொனுங்காஹெல்லாவில் சந்தித்துச் சமாதானம் பேசுகிறார்கள். ஹீசிங் என்ற நிலப்பகுதி, இன்றைய கோத்தென்பர்க் நகரத்துக்குள் அடங்கிவிட்ட ஒரு தீவு, யாருக்கு என்பதில் மட்டும் முடிவு எட்டவில்லை. பகடை உருட்டி முடிவு செய்வோம் என்று இரண்டு அரசர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். அதிக எண் விழுந்தவருக்கு நிலம். ஸ்வீடன் அரசன் உருட்டுகிறான், இரண்டு ஆறு. இனி நீ உருட்ட வேண்டிய தேவையே இல்லை என்கிறான். நார்வே அரசன் பகடைகளைக் கையில் குலுக்கியபடி, பகடையில் இன்னும் இரண்டு ஆறு இருக்கிறது, அவற்றை மறுபடி மேலே கொண்டுவருவது என் கடவுளுக்குச் சின்ன வேலை என்ற பொருளில் பதில் சொல்லி உருட்டுகிறான். இரண்டு ஆறு. ஸ்வீடன் அரசன் மறுபடி உருட்டுகிறான், மறுபடி இரண்டு ஆறு. நார்வே அரசன் கடைசியாக எறிகிறான். ஒரு பகடையில் ஆறு. மற்றது தரையில் பட்டு இரண்டாகப் பிளந்து, ஒரு துண்டு ஆறையும் மற்ற துண்டு ஒன்றையும் காட்டிக்கொண்டு கிடக்கிறது. பதின்மூன்று. நிலம் அவனுக்குப் போகிறது. கதை சொன்னவருக்குப் பகடை நன்றாகத் தெரிந்திருக்கிறது. பிளவுபட்ட எலும்பில் ஒரு துண்டு புரண்டு விழுந்தால் எந்த முகம் தெரியும் என்று கணக்கிட்டுத்தான் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டுக்கு மேல் பகடையில் எண் இல்லை. அந்த எல்லையைத் தாண்ட அவர் கண்டுபிடித்த வழி, பகடையையே உடைப்பது.

இந்தக் கதையை ஐஸ்லாந்து வரலாற்றாசிரியர் ஸ்னோரி ஸ்டர்லுசன் சுமார் 1230-இல் எழுதினார். நடந்ததாகச் சொல்லப்படுவதற்கு இருநூறு ஆண்டு கழித்து. அதற்குள் ஓலாவ் புனிதராகிவிட்டார், அவருடைய அற்புதங்களின் பட்டியலும் வளர்ந்துவிட்டது. ஸ்னோரியும் தாமே பொறுப்பேற்காமல், தோர்ஸ்டைன் என்ற அறிஞர் சொன்னது என்று எழுதுகிறார். ஆகவே 1020-இல் அந்தப் பகடை பிளந்தது என்று நான் வாதாடவில்லை. நான் கேட்பது வேறு கேள்வி: இதைக் கேட்ட ஐஸ்லாந்துக்காரருக்கும் நார்வேக்காரருக்கும் எது இயல்பாகப் பட்டது, எது வியப்பாகப் பட்டது? இரண்டு அரசர்கள் ஒரு நிலத்துக்காகப் பகடை உருட்டியது வியப்பாகப் படவில்லை. அதற்கு விளக்கமோ மன்னிப்போ கதையில் கிடையாது. இரண்டு பெரிய மனிதர்களின் அதிர்ஷ்டம் மோதினால் இருவருக்கும் ஆறு ஆறாகத்தான் விழும் என்பதும் வியப்பில்லை. பதின்மூன்று மட்டும்தான் அற்புதம். முகங்கள் சரிசமமில்லாத எலும்புப் பகடை பற்றி மேலே சொன்னது இங்கே பொருந்துகிறது. உருட்டுகிறவனின் அதிர்ஷ்டம் பகடைக்குள் புகுந்து வேலை செய்யும் என்று நம்பும் ஒருவருக்கு, முகத்தின் அகலம் ஒரு மயிரிழை கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

இதே ஸ்னோரி எழுதிய இன்னொரு ஆட்டக் காட்சியைப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். 1026-இல் ரோஸ்கில்டேயில் டென்மார்க் அரசன் கனூட்டும் அவனுடைய மைத்துனன் உல்ஃப் பிரபுவும் பலகை ஆட்டம் ஆடுகிறார்கள். ஸ்னோரி அதைச் சதுரங்கம் என்கிறார். அக்காலத்துக்கு அது நெஃபடாஃபலாகவே இருந்திருக்க வேண்டும். அரசன் ஒரு தப்பான நகர்த்தல் செய்துவிடுகிறான், உல்ஃப் காயை வெட்டுகிறான், அரசன் அதைத் திருப்பி வைத்து வேறு நகர்த்தல் செய்யச் சொல்கிறான். உல்ஃப் பலகையைத் தட்டிக் கவிழ்த்துவிட்டு எழுந்து போகிறான். சொல் முற்றுகிறது. மறுநாள் காலை கோயிலுக்குள் வைத்து உல்ஃப் வெட்டிக் கொல்லப்படுகிறான். மூளை ஆட்டத்தில் தோற்றால் தோற்றவன் குறைந்தவன் ஆகிவிடுகிறான். அரசனால் அதைப் பொறுக்க முடியாது, அதனால் விதியையே வளைக்கிறான். பகடையில் அப்படி வளைக்க வழியில்லை. கொனுங்காஹெல்லாவில் தோற்ற ஸ்வீடன் அரசன், தன் சறுக்கலால் நிலத்தை இழந்தவன் என்று யாராலும் சொல்ல முடியாது. இருவரும் நண்பர்களாகப் பிரிந்தார்கள் என்று கதை முடிகிறது. சமமான இருவர் சண்டையில்லாமல் ஒரு முடிவுக்கு வரப் பகடையைப்போல் வசதியான கருவி அந்தச் சமூகத்தில் வேறில்லை. பகடையை வெறும் சூதுக் கருவி என்று ஒதுக்குகிறவர்கள் அதன் இந்த அரசியல் பயனைக் காணத் தவறுகிறார்கள்.

தொகுதி சேர்ப்பது என்ற மற்ற பாதிக்கு வருகிறேன். இதையும் இன்றைய வடிவமைப்பாளரின் கற்பனை என்பார்கள். ஆனால் வைக்கிங் உலகில் முழுமையான தொகுதியாக மதிக்கப்பட்ட பொருள் ஒன்று உண்டென்றால் அது ஆட்டக்காய்கள்தான். ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஸ்வீடன் கல்லறைகளில் கொம்பும் மாட்டெலும்பும் குறைந்து, திமிங்கில எலும்பில் செய்த காய்கள் வந்து குவிகின்றன. அவை வடக்கு நார்வேக் கடற்கரையிலிருந்து வணிகச் சரக்காக வந்திருக்க வேண்டும். ஒரே அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவு, ஒரே வடிவம். அரசன் ஒருவன், மற்றவர் எல்லாரும் ஒருபோல என்ற அந்தத் தொகுதி, தலைவனும் அவனைச் சூழ்ந்த படைவீரரும் கொண்ட ஒரு கப்பலின் உருவம். சால்மேயில் நாற்பத்தொரு பேரைப் புதைத்தவர்களுக்கு அந்த ஒப்புமை தெரியாமல் இருந்திருக்காது.

தலைவர்களின் ஆடம்பரம் இது, சாதாரண ஆளுக்கு எட்டாதது என்ற எண்ணத்தை இங்கிலாந்தின் டார்க்ஸி தகர்த்துவிட்டது. 872-873 குளிர்காலத்தில் வைக்கிங்குகளின் பெரும்படை லிங்கன்ஷயரில் டிரெண்ட் ஆற்றங்கரையில் முகாமிட்டிருந்தது. அந்த வயல்களிலிருந்து நூற்றுக்கணக்கான ஈயக் காய்கள் கிடைத்திருக்கின்றன. ஈயம் எளிதில் உருகும், மலிவு. குளிர்கால முகாமில் நெருப்போரம் உட்கார்ந்து யாரும் வார்த்துக்கொள்ளலாம். தந்தமும் கண்ணாடியும் இல்லாதவனும் தன் தொகுதியைத் தானே செய்துகொண்டான். அதே வயல்களில் வெட்டுப்பட்ட வெள்ளித் துண்டுகளும், அரபு திர்ஹம் நாணயத் துணுக்குகளும், எடைக்கற்களும் கிடைத்தன. அந்த எடைக்கற்களில் ஒரு வகையைப் பார்த்தவுடன் யாரும் பகடை என்றே நினைப்பார்கள். மூலைகளைச் சீவிய சிறிய வெண்கலக் கனசதுரம், முகங்களில் புள்ளிகள். புள்ளிகள் இங்கே எடையைச் சொல்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இஸ்லாமிய உலகத் தொடர்பால் வடபகுதியில் பரவிய வடிவம் அது. கொள்ளையில் கிடைத்த வெள்ளியைப் பங்கு பிரிக்கப் புள்ளி போட்ட உலோகக் கட்டியும், மாலை நேரத்தில் அதையே பணயம் வைக்கப் புள்ளி போட்ட எலும்புக் கட்டியும் ஒரே ஆளின் பையில் கிடந்திருக்கும்.

இந்த வெள்ளி விஷயத்தில்தான் இன்றைய ஆட்டங்கள் தடம் மாறுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. அவற்றில் சேர்த்தது எல்லாம் சேர்த்தவருக்கே, கடைசியில் எண்ணிப் புள்ளியாக்கலாம். வைக்கிங் தலைவனுக்குச் சேர்ப்பது பாதி வேலை, கொடுப்பது மறுபாதி. கைவளையை உடைத்துத் தன் ஆட்களுக்குப் பகிர்ந்தவனைத்தான் பாடகர்கள் புகழ்ந்தார்கள். வெள்ளியைப் பூட்டி வைத்தவர்களும் இருந்தார்கள் என்பது உண்மை. கோட்லாந்து தீவில் ஸ்பில்லிங்ஸ் என்ற இடத்தில் 1999-இல் கிடைத்த 67 கிலோ வெள்ளிப் புதையல், 14,000-க்கும் மேற்பட்ட நாணயங்களோடு, அதற்குச் சாட்சி. ஆனால் அது யாரும் மீட்டு எடுக்காமல் மண்ணில் கிடந்த செல்வம், யாருடைய புகழும் அதில் இல்லை. சேர்த்ததைக் கொடுத்தால் புள்ளி ஏறும் என்று ஓர் ஆட்டம் விதி வைத்தால், வரலாற்றுக்கு அது இன்னும் ஒரு படி அருகில் நிற்கும். ‘சாம்பியன்ஸ் ஆஃப் மிட்கார்ட்’ ஆட்டத்தில் தெய்வத்தின் தயவாக ஒரு வில்லையைக் கொடுத்துப் பகடையை மறுபடி உருட்டலாம் என்ற விதி இருக்கிறது. அது வேடிக்கைக்காகச் சேர்த்ததாகத் தோன்றலாம். கொனுங்காஹெல்லாவில் பகடையைக் குலுக்கிக்கொண்டு நின்ற ஓலாவுக்கு அதை விளக்கவே வேண்டியிருக்காது.

பகடைக்கு இருந்த இந்த மதிப்பு எப்போது போனது என்பதையும் ஏடுகள் காட்டுகின்றன. 1250-களில் நார்வேயில் எழுதப்பட்ட அரசனின் கண்ணாடி என்ற அறிவுரை நூலில், வணிகனாகப் போகும் மகனுக்குத் தந்தை பேயைப்போல் விலக்க வேண்டியவற்றைச் சொல்கிறார். குடி, சதுரங்கம், பரத்தையர், சண்டை, பணம் வைத்துப் பகடை. ரக்ன்வால்டு பிரபு பெருமையாகச் சொன்ன பலகை ஆட்டத்தின் வாரிசும் பகடையும் அப்போதும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. விழுந்தபோதும் இரண்டும் சேர்ந்தே விழுந்தன. 1276-இல் மாக்னுஸ் அரசனின் நகரச் சட்டம் பணம் வைத்துப் பகடை உருட்டினால் தண்டம் விதித்தது. அதிர்ஷ்டத்தைத் தீர்ப்பாக ஏற்ற இடத்தில் இப்போது அரசும் திருச்சபையும் தங்கள் தீர்ப்பை வைத்துக்கொண்டன. 2018-இல் பெர்கன் நகரத்து அகழாய்வில் சுமார் 600 ஆண்டு பழமையான ஒரு மரப்பகடை கிடைத்தது. அதில் ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை. அந்த இடங்களில் இன்னொரு நான்கும் இன்னொரு ஐந்தும் செதுக்கப்பட்டிருந்தன. எறிகிறவனின் அதிர்ஷ்டத்தைப் பகடை காட்டும் என்று அதைச் செய்தவன் நம்பவில்லை. எதிரே உட்கார்ந்தவன் பகடையைப் புரட்டிப் பார்க்க மாட்டான் என்பதை மட்டுமே நம்பியிருக்கிறான்.